நெல்லுச்சோறும் வெஞ்சனமும்

அப்பாவின் மதியச் சாப்பாட்டை ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன். வெறும் எவர்சில்வர் தட்டைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிக்கொண்டேன். அம்மா வழக்கம்போலப் பரிமாறினாள். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவை சோறு விழுந்ததும் குழம்பு ஊற்றுவதற்கு முன் தட்டை வாங்கி எடை பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றையும் கூட்டினால் 480 கிராம். ஓரத்தில் வைத்திருந்த பீன்ஸ் பொரியலைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டு நிறுத்தேன்: 45 கிராம். சோறு பத்துப் பங்கு, காய் ஒரு பங்கு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சோறு ஆறிப்போகிறது என்று அம்மாதான் இரண்டு முறை சொன்னாள்.

2022 ஆவணியில் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அப்போது அவருக்கு 69 வயது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 என்று பரிசோதனைத் தாளில் இருந்தது. அந்த எண் 6.5ஐத் தொட்டாலே நீரிழிவு என்று கணக்கு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அரிசியைக் குறையுங்கள் என்றார், அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார். எவ்வளவு குறைப்பது, குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்க அப்பாவுக்குத் தோன்றவில்லை. சொல்ல அவருக்கும் நேரமில்லை. வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

மருத்துவர் சொல்லாமல் விட்டதை ஊரார் சொன்னார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. சர்க்கரை இல்லாத வீடு இப்போது தெருவுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். இரவுக்குச் சப்பாத்திக்கு மாறிவிடுங்கள் என்றார் ஒருவர். கேப்பைக்களி, அதாவது கேழ்வரகுக் களி, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்றார் இன்னொருவர். வெள்ளைச் சீனிதான் விஷம், கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்றாள் அத்தை. அம்மா எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சராசரி 8.2.

மதுரையில் கணக்கு எழுதுவது என் தொழில். வரவு குறையவில்லை என்றால் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். அதைத் தேடித்தான் ஊருக்குத் தராசை எடுத்துப்போனேன்.

முதலில் கலோரி என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்தான் நாம் பேச்சில் சொல்லும் ஒரு கலோரி. உணவில் அது எவ்வளவு இருக்கிறது என்று விரிவாக அளந்தவர் வில்பர் அட்வாட்டர். 1890களில் அமெரிக்காவின் மிடில்டவுனில், ஆள் உள்ளே இருந்து உண்டு உறங்கக்கூடிய ஓர் அடைத்த அறையைக் கட்டி, உள்ளே இருந்தவர் உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் மூச்சுக் காற்றையும் கணக்கெடுத்தார். அவர் வகுத்த எண்களைத்தான் இன்றும் பொட்டலங்களில் அச்சிடுகிறார்கள்: ஒரு கிராம் கார்போஹைட்ரேட்டுக்கு 4 கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. மதுவில் உள்ள ஆல்கஹாலுக்கு 7. உடலுக்கு ஆற்றல் வருகிற வாசல்கள் இந்த நான்குதான். நார்ச்சத்தும் கார்போஹைட்ரேட் வகையைச் சேர்ந்ததே; ஆனால் நம் குடல் அதைச் செரிக்காது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைப்பதால் கிராமுக்கு 2 கலோரி அளவுக்குத்தான் கிடைக்கிறது.

வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரியும் 28 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. அப்பாவின் 480 கிராமில் 620 கலோரிக்கு மேல். மாவுச்சத்து மட்டும் 134 கிராம். இந்த 134 என்ற எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்று முதலில் தெரியவில்லை. பிறகு ஒரு கணக்குப் போட்டேன். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால் ஒவ்வொரு 100 மில்லி இரத்தத்திலும் 100 மில்லிகிராம் குளுக்கோஸ். மொத்த இரத்தத்துக்கும் சேர்த்தால் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனி அளவு. ஒரு தேக்கரண்டி மட்டுமே ஓட வேண்டிய இடத்துக்கு ஒரே வேளையில் இருபத்தைந்து தேக்கரண்டிக்கு மேல் வந்து இறங்குகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அதையெல்லாம் இன்சுலின் இரத்தத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். நலமாக இருக்கிற உடம்பு இதை ஒவ்வொரு நாளும் அலுக்காமல் செய்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதையே வந்தது.

இதைப் படித்துவிட்டு மாவுச்சத்தை எதிரியாக்கிவிட வேண்டாம். மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் கேட்கிறது. வந்து சேரும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைகள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் சேமிக்க இடம் உண்டு. உழைக்கிறவனுக்கு அந்தச் சேமிப்பு தினமும் காலியாகும், தினமும் நிரம்பும். என் தாத்தா அப்பாவைவிட அதிகம் சாப்பிட்டவர். விடியலில் ஏர் பூட்டினால் வெயில் ஏறும்வரை உழுதவர். அவர் உடம்பில் களஞ்சியம் எப்போதும் பாதி காலியாகவே இருந்திருக்கும். அப்பா முப்பது வருடம் அலுவலக நாற்காலியில் இருந்தார், பிறகு ஓய்வுபெற்றுத் திண்ணையில் இருந்தார். களஞ்சியம் நிரம்பி வழிந்தது. வழிந்தது கொழுப்பாகி ஈரலிலும் வயிற்றிலும் தங்கியது. வயதாக ஆகத் தசையும் வற்றுகிறது, களஞ்சியமே சிறுத்துப்போகிறது.

இனிச் சப்பாத்திக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சப்பாத்தி உணவாக வரவில்லை, மருந்தாக வந்தது. சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே வீட்டில் பூரிக்கட்டை வாங்குகிறார்கள். அம்மா போட்ட சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு. அப்பா நான்கு சாப்பிட்டார். நான்கிலும் சேர்த்து மாவுச்சத்து 80 கிராமுக்கு நெருக்கமாக வரும். அதற்கு முன் அவர் இரவில் சாப்பிட்ட 300 கிராம் சோற்றில் 84 கிராம். இடையில் என்ன மாறியது? சப்பாத்திக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் வீதம் 160 கலோரி கூடியது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமாவும் சேர்ந்தது. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் வெள்ளை அரிசியைவிடக் கொஞ்சம் அதிகம், அதை மறுக்கவில்லை. சப்பாத்தியின் உண்மையான நன்மை அதை எண்ணலாம் என்பதில் இருக்கிறது. இரண்டு போதும் என்று சொல்ல முடிகிறது. சோற்றை யாரும் எண்ணிப் போடுவதில்லை.

கேப்பை மீது எனக்குப் பிரியம் உண்டு. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து வைத்திருக்கிற தானியம் வேறு ஏது? ஆனால் அதுவும் தானியம்தான். நூற்றில் எழுபது பங்குக்கு அருகில் மாவுச்சத்து. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் குடலுக்கு வேலை மிச்சம், சர்க்கரை விரைவாக ஏறுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று சொன்னவரை நம்பி அப்பா இரண்டு பெரிய உருண்டைக் களி தின்றார். கருப்பட்டிக் கதையும் இதுதான். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நான் அடிமை. காபிக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே பொருள். தாதுக்கள் சிறிது உண்டு என்பதற்காக இரத்தம் அதற்குச் சலுகை காட்டாது.

ஓர் உணவு சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசெமிக் குறியீட்டை 1981இல் டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். குளுக்கோஸ் 100 என்றால் 55க்குக் கீழே மெதுவானவை, 70க்கு மேல் வேகமானவை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் அரிசிகளை அளந்தபோது பொன்னி 70ஐ ஒட்டியும் சோனா மசூரி 72ஆகவும் வந்தன. கொண்டைக்கடலை, பாசிப்பயறு எல்லாம் இதில் பாதிக்கும் கீழே. இத்தனைக்கும் பருப்பு வகைகளிலும் மாவுச்சத்து பாதிக்கு மேல் இருக்கிறது. அவற்றின் மாவு கெட்டியான செல்சுவருக்குள், நாரோடும் புரதத்தோடும் பின்னிக்கிடப்பதால் மெல்ல மெல்லத்தான் அவிழ்கிறது. எத்தனை கிராம் என்பதோடு எந்த வேகத்தில் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

இவ்வளவும் படித்து முடித்த வேகத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நேர்மையாக இருக்காது. மதுரையிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் உத்தரவு போட்டேன்: இன்றிலிருந்து இரவில் சோறும் வேண்டாம், சப்பாத்தியும் வேண்டாம், வெள்ளரிக்காயும் மோரும் போதும். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. மகள் படித்தவள் என்ற நம்பிக்கை. வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தார். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் வகை மாத்திரை அது. உணவு வருகிறதா என்று பார்த்து வேலை செய்யாது. போட்டால் வேலை செய்யும். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, கை நடுங்கியது, அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. அம்மா விரலைக் குத்திப் பார்த்தாள். 56. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் 84க்கு வந்தது. அந்தக் கால் மணி நேரமும் நான் தொலைபேசியில் அம்மாவின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அதைத் தன்னிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிற யாரும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற என்னைப்போன்ற யாரும், சோற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அன்று மாலை திண்ணையில் அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். "தாயி, எனக்குப் பத்து வயதாகும்வரை நெல்லுச்சோறு என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்."

நெல்லுச்சோறு. வெறும் சோறு என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு. அரிசிச் சோற்றைத் தனியாகப் பெயர் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவு அபூர்வம். மழையை நம்பிய கரிசலில் நெல் விளையாது. அப்பாவுக்கு 14 வயதாக இருந்த 1967இல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள், ஆட்சியே மாறியது. பிறகு ரேஷன் கடை வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011இலிருந்து விலையில்லா அரிசி. பசி போனது. பசி போனதன் உருவம் அப்பாவுக்குத் தட்டில் குவிந்த வெள்ளைச் சோறு. அதைக் குறைக்கச் சொல்வது அவர் காதில் பழைய நாட்களுக்குத் திரும்பச் சொல்வதுபோல் விழுகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அரிசியைக் கண்டபடி திட்டுகிற இந்தக் கால ஆரோக்கியப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போனதும் அன்றிலிருந்துதான். ஊரின் பசியைத் தீர்த்த தானியத்தை விஷம் என்று சொல்ல நாக்கு வரக்கூடாது.

அரிசியைப் பற்றிய கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1918இல் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. ஊட்டச்சத்து என்ற சொல்லே இல்லாத காலத்தில் நெல் அவித்த பெண்கள் ஒரு நோயைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். நூறு வருடத்துக்கு முன் கேள்வி, அரிசியிலிருந்து எது போய்விட்டது என்பது. இப்போதைய கேள்வி, தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் எது இல்லாமல் போனது என்பது.

அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு தட்டு வகுத்திருக்கிறது. தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 250 கிராம் அரிசி சோறாக வடித்தால் 650 கிராமுக்கு மேல் வரும், அது குறைவான அளவே அல்ல; ஆனால் காலை இட்லியும் இரவுத் தோசையும் அதற்குள் அடக்கம். சப்பாத்திக்கு மாறுவதற்கு முந்தைய அப்பாவின் ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து இட்லி, மதியச் சோறு, இரவுச் சோறு மூன்றிலிருந்தும் 1300 கலோரிக்குச் சற்றுக் குறைவு. நாள் முழுக்கச் சாப்பிட்டது 1900. மூன்றில் இரண்டு பங்கு தானியம்.

அவர் தனியாள் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, 2023இல் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வந்தது: இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் கார்போஹைட்ரேட், 12 சதவீதம்தான் புரதம். அதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி இன்னொன்று. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிக்கொண்டாலும் மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாவிட்டால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால்பொருள் புரதத்தை வைத்தவர்களிடம் குறைந்திருந்தது. எங்கள் வீட்டு ஆறு மாதச் சப்பாத்தி ஏன் 8.4ஐ 8.2ஆக மட்டும் குறைத்தது என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் பொரியல், கூட்டு, அவியல் எல்லாவற்றுக்கும் பொதுவாக வெஞ்சனம் என்று பெயர். "வெஞ்சனம் என்ன?" என்றுதான் கேட்போம். வேறு ஊர்களில் தொடுகறி என்கிறார்கள், தொட்டுக்கொள்ள என்ன என்கிறார்கள். அந்தச் சொல்லே அளவையும் சொல்லிவிடுகிறது: தொடுவதற்கு மட்டும். கம்மஞ்சோறு காலத்தில் தாத்தா வீட்டில் வெஞ்சனம் கொஞ்சமாக இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சோறு தவிடும் நாருமாக இருந்தது. புஞ்சையில் ஊடுபயிராக நின்ற தட்டைப்பயறும் துவரையும் மொச்சையும் குழம்பில் கெட்டியாகக் கிடந்தன. நெல்லுச்சோறு வந்தபோது சோறு மட்டும் மாறியது. வெஞ்சனம் அதே சின்னக் கரண்டியாகத் தங்கிவிட்டது, குழம்பு தண்ணீரானது.

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று அம்மா கேட்டாள். அதையும் நிறுத்தோம். நான்கு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. அதில் புரதம் 22 கிராம், ஆளுக்கு ஐந்தரை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளைக்குத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 64 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு 53 கிராம். சாம்பார் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. அம்மா அந்தத் தராசையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் சமைத்த கை. அவளை வருத்தப்படவைத்துவிட்டேனோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்படியென்றால் பருப்பைக் கெட்டியாக வைத்துவிடலாம்" என்றாள்.

அங்கிருந்துதான் எங்கள் வீட்டில் வழி திறந்தது. சோற்றை நிறுத்தவில்லை. மதியம் சோறு இருநூறு கிராமுக்கு வந்தது, ஆனால் ஒரே நாளில் இல்லை; மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவை அவர் பார்த்துக்கொள்ள, மூன்று மாதத்தில் படிப்படியாக. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல், இரண்டு கரண்டிக்குப் பதில் ஒரு முழுக் கிண்ணம் காய், வாரத்தில் நான்கு நாள் முட்டை, கிடைக்கும் நாளில் மீன். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் புரதமும் ஏழு கிராமுக்கு மேல் நாரும் இருக்கின்றன. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். சுண்டல் என்றால் நவராத்திரி என்று இருந்த வீட்டில் வாரம் மூன்று நாள் கடுகு தாளிக்கும் மணம். காலையில் ஐந்து இட்லி மூன்றானது. அதோடு வெறும் தேங்காய்ச் சட்னி போய், பாசிப்பருப்பும் கத்தரிக்காயும் போட்ட கொத்சு வந்தது. அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது.

எண்ணெய்க் கணக்கும் ஒன்று உண்டு. மூன்று பேர் இருக்கும் வீட்டில் மாதம் நான்கு லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் வருகிறது, 360 கலோரி. அது ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமம். தட்டில் சோறாகத் தெரியாததால் யாரும் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கொழுப்பு சர்க்கரையை நேரடியாக ஏற்றாது என்பதால் அப்பா மாலையில் மிக்சர் தின்றுகொண்டிருந்தார், சீனி இல்லையே என்ற தைரியத்தில். ஒரு கை மிக்சரில் மாவும் எண்ணெயும்தான். அந்த இடத்தில் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி வைத்தோம். அதிலும் 170 கலோரி உண்டு, ஆனால் ஏழெட்டு கிராம் புரதமும் நல்ல கொழுப்பும் கூடவே வருகின்றன, பசி அடங்குகிறது. எண்ணெய் இப்போது மாதம் இரண்டே முக்கால் லிட்டர்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது சாப்பிடும் வரிசை. காயையும் புரத உணவையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் மாவுச்சத்துக்குப் போனால் சர்க்கரை ஏறுவது தணிகிறது என்று நியூயார்க்கில் 2015இல் 11 பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு வந்தது. சின்ன ஆய்வு என்றாலும் செலவில்லாத யோசனை. அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் போன போக்கு! "வெறும் வெஞ்சனத்தை யார் தாயி தின்பார்கள்?" உப்பும் காரமும் சோற்றை நினைத்துப் போட்டவை, தனியாக வாயில் வைத்தால் எரிக்கிறது என்பது அவர் வாதம். நியாயமான வாதம். அம்மா உப்பையும் மிளகாயையும் பாதியாக்கி, தேங்காய்த் துருவலைக் கொஞ்சம் குறைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். இரண்டு வாரத்தில் கிண்ணம் காலியாகித் திரும்பியது. சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துக் கண்மாய்க் கரைவரை நடக்கிறார்; நடக்கும் கால் தசை இரத்தத்திலிருந்து குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும், அதற்கு இன்சுலினைக்கூட அதிகம் எதிர்பார்க்காது.

ஒரு வருடத்தில் மூன்று மாதச் சராசரி 6.9க்கு வந்தது. மாத்திரை பாதியானது. சோறு இன்னும் இருக்கிறது. பொங்கலன்று வெண்கலப் பானையில் பொங்கிய சோற்றை அவர் நிறுத்துப் பார்க்காமல்தான் சாப்பிடுகிறார். நானும் அன்றைக்குத் தராசை எடுப்பதில்லை.

இந்த வருடம் தை பிறந்ததும் மொச்சைக்காய் வந்துவிட்டது. போன சனிக்கிழமை நான் போனபோது அப்பா திண்ணையில் முறத்தைப் போட்டுக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தோலை ஆட்டுக்கு வீசினான். கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பாக வைக்கவா, தேங்காய் அரைத்துக் கூட்டாக வைக்கவா என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "கூட்டாக வை. கெட்டியாக வை" என்றார் அப்பா. "சோறு அரை ஆழாக்கு குறைத்துப் போடு, இது நிறைய இருக்கிறது."